நல்ல தண்ணியும் என் சம்பந்தியும்

என் சம்பந்தி ஒரு வீட்டுக்குள் வருகிறார் என்றால் முதலில் குரல் வரும், பின்னாலேயே மீசை, அதற்கும் பின்னால் வயிறு, கடைசியில்தான் ஆள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இந்த ஊர்வலத்துக்கும் முன்னால் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. ஒரு யானைக்குட்டியை மடித்து வைக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி. அதைச் சுமந்துகொண்டு டை கட்டிய ஒருவர் வாசலில் மூச்சு வாங்கினார்.

"நேரா சமையலறைக்குக் கொண்டு போங்க. யாரையும் கேக்க வேண்டாம்," என்றது குரல்.

அந்த 'யாரையும்' நான்தான். வீடு என்னுடையது, வரி கட்டுகிறவன் நான், பெயர்ப்பலகையில் இருப்பதும் நான்.

"வாங்க சம்பந்தி," என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் 'வாங்க' என்ற சொல் 'எப்ப கிளம்பறீங்க' என்ற பொருளில்தான் புழங்குகிறது.

"வராம என்ன பண்ணச் சொல்றீங்க? என் பேத்தி வயித்தைக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்களே!"

அவர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கட்டில் வாங்க வந்தவர்கள் அவர் குரலுக்குப் பயந்து பீரோவும் சேர்த்து வாங்கிப் போவார்கள். நான் அவருக்கு வைத்த பெயர் பீரங்கி. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஓட்டை டிக்கெட்'. மகனுக்குப் பெண் பேசிய நாளிலேயே எங்கள் சண்டை தொடங்கிவிட்டது. அவர் மண்டபம் பெரிசாக வேண்டும் என்றார், நான் சின்னது போதும் என்றேன். அதற்குப் பிறகு அவர் கிழக்கு என்றால் நான் மேற்கு. சூரியனே குழம்பிப்போகும்.

இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் கனமானது. எங்கள் பேத்தி பட்டாணிக்கு வயிறு சரியில்லை. வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கன்னமெல்லாம் வற்றி, உருண்டையாக இருந்த பிள்ளை உரித்த தோல் மாதிரி ஆகிவிட்டாள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "மருந்து மட்டும் போதாது, குடிக்கிற தண்ணியப் பாருங்க," என்று சொல்லி அனுப்பினார். அது எப்படியோ பீரங்கியின் காதுக்குப் போய்விட்டது. போனில் ஓர் அறிக்கை விட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த வீட்டுத் தண்ணி சரியாகலேன்னா, பட்டாணியும் அவ அம்மாவும் என் வீட்டுக்கு வந்துடுவாங்க. பள்ளிக்கூடமும் இங்கேயே பாத்துட்டேன்."

போனைப் பிடித்திருந்தது நான்தான் என்றாலும் தெருக்கோடி வரைக்கும் எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி நான் என்ன சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான். ரயில் கூரையில் ஏறி நூறு திருடர்களைத் துரத்திப் பிடித்த என் கதையை வாயைப் பிளந்து கேட்டு, "அப்புறம் தாத்தா?" என்று கேட்கிற ஒரே ஜீவன் பட்டாணிதான். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டில் என் பொய்களை நம்ப ஆளே கிடையாது. அதனால் நான் போருக்குத் தயாரானேன்.

எங்கள் சமையலறைத் தொட்டிமேல் இரண்டு குழாய்கள். இடது பக்கம் நல்ல தண்ணி. தெருக் குழாயிலிருந்து முற்றத்துத் தரைத்தொட்டியில் வந்து விழும், அங்கிருந்து மோட்டார் இழுத்துக் கொடுக்கும். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். வலது பக்கம் உப்புத் தண்ணி. அது எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணி. குளிக்க, துவைக்க, காய்கறி கழுவ, பல் தேய்க்க. வாயில் விட்டால் முகம் கோணிக்கொள்ளும். அதில் சோப்பு நுரைக்காது, வாளி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருக்கும். குற்றவாளி என்று யாரைப் பிடிப்பது என்றால் வீட்டில் எல்லோர் விரலும் வலது பக்கமே நீண்டது.

"குளிக்கிறப்ப புள்ள அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கும்," என்றாள் என் மனைவி.

"காய்கறிய அதுலதானே கழுவறீங்க," என்றார் பீரங்கி, போனிலேயே. "அந்த விஷம் எங்க போகும்?"

அப்படியாக வழக்கு உப்புத் தண்ணிமேல் பதிவாகிவிட்டது. அதை எப்படிச் சரி செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நான் பாத்திரக் கடையிலிருந்து மெழுகுவத்தி மாதிரி வெள்ளைப் பீங்கான் வைத்த ஃபில்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மேலே ஊற்றினால் கீழே சொட்டும். கரண்ட் வேண்டாம், சத்தம் வேண்டாம், செலவும் அதிகம் இல்லை. என் மனைவி செம்புக் குடம் போதும் என்றாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டே, "ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்கப்பா," என்று ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னான்.

இந்த நிலையில்தான் பெட்டி வந்து இறங்கியது.

டைக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே விண்வெளிக்கு அனுப்ப வேண்டியது தவறி எங்கள் வீட்டுக்கு வந்ததுபோல ஒரு இயந்திரம். ஏழு கட்டம், எட்டு விளக்கு, ஒரு பொத்தானை அழுத்தினால் பேசக்கூடச் செய்யும் என்றார்.

"எங்க சம்பந்தி இருக்கிற வீட்டுல இன்னொண்ணும் பேசணுமா?" என்றேன்.

"சார், காமெடி பண்ணாதீங்க. இது உயிர்ப் பிரச்சனை," என்றார் டைக்காரர். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து நல்ல தண்ணிக் குழாய்த் தம்ளரில் முக்கினார். எண் சின்னதாக நின்றது. "அருமை! இதுக்கு ஒண்ணும் வேண்டாம். அடுத்தது குடுங்க." உப்புத் தண்ணியில் முக்கினார். எண் கிடுகிடுவென்று ஏறியது. பீரங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவுமா என் பேத்தி உள்ள போயிருக்கு?"

"இருங்க சார், இன்னும் இருக்கு." டைக்காரர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை மேசையில் வைத்தார். ஒன்றில் எங்கள் உப்புத் தண்ணி. மற்றதில் அவர் கடையில் இருக்கிற இதே மாதிரி இயந்திரத்திலிருந்து பிடித்து வந்த தண்ணி. கம்பிகள் துருத்திக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தம்ளர் பழுப்பாகி, சேறாகி, பிறகு சாக்கடையை வடிகட்டாமல் எடுத்த மாதிரி ஆயிற்று. அவர் தம்ளர் பளிச்சென்றே இருந்தது.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பீரங்கி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நல்ல பச்சை மரமே பற்றிக்கொண்டிருக்கும்.

"இதைத்தான் சம்பந்தி இத்தனை நாளா ஊத்தி வளத்தீங்க. மனுஷனா நீங்க?"

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். என் உள்ளங்கால் முதல் உச்சி வரை ஒரு குளுகுளுப்பு ஓடியது. இந்த வித்தையை ஓடும் ரயிலிலேயே பார்த்தவன் நான். இதேபோல ஒரு டைக்காரர் பெட்டி முழுக்கப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த கெமிஸ்ட்ரி டீச்சர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் அந்த டைக்காரர் தன் டிக்கெட்டில் இல்லாத ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிட்டார்.

நான் உப்பு டப்பாவைத் திறந்தேன். டைக்காரர் முகம் அப்போதே மாறியது.

"சார், அது வேண்டாம் சார்."

"ஏன்? உங்க தண்ணிக்கு உப்பு ஆகாதா? பிரஷரா?"

சிட்டிகை உப்பை அவருடைய பளிங்குத் தண்ணியில் போட்டு, கம்பியை இறக்கி, சுவிட்சை நானே தட்டினேன். அதுவும் பழுப்பாகி, சேறாகி, எங்கள் தம்ளரையே தோற்கடித்துவிட்டது.

"பாத்தீங்களா? உப்பு இருந்தா கரண்ட் ஓடும், ஓடினா கம்பி கரையும். இந்தச் சேறு பூராவும் உங்க இரும்புக் கம்பி, எங்க தண்ணி இல்ல! சம்பந்தி, உங்க காதுல பூ இல்ல, பூந்தோட்டமே வெச்சிருக்காரு!"

"உப்புப் போட்டா எந்த மெஷினுக்குத்தான் சார் கோவம் வராது?" என்றார் டைக்காரர், பரிதாபமாக.

பட்டாணி படுக்கையறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா மேஜிக்கா?" என்றாள். நான் குனிந்து வணங்கினேன். பீரங்கியின் மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துடித்தது.

"சரி. இந்த ஆளு பொய். ஆனா உங்க தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்ல. சோதனைக்கூடத்துல குடுப்போம். உங்களுக்குத் தைரியம் இருக்கா?"

"இருக்கறதால தானே உங்கள வீட்டுக்குள்ள விட்டேன்."

"தண்ணி தேறலேன்னா பட்டாணி எங்கூட வருவா."

"தேறிடுச்சுன்னா நீங்க இந்த வீட்டுல வாயே திறக்கக் கூடாது."

இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டோம். என் விரல்களை அவர் நசுக்கினார். நான் என் நகத்தைக் கொஞ்சம் உபயோகித்தேன்.

மறுநாள் சோதனைக்கூடத்துக்குச் சேர்ந்தே போனோம். தனியாகப் போனால் ஒருத்தர் மற்றவரின் பாட்டிலில் ஏதாவது கலந்துவிடுவார் என்ற பரஸ்பர நம்பிக்கை. அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா முத்திரை வைத்த பாட்டிலைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொன்னார். "வீட்டுத் தண்ணிதானே?" என்றார். "ஆமா," என்று இரண்டு குரலும் ஒன்றாகச் சொல்லின. அவர் பயந்து பின்னால் நகர்ந்தார்.

வீடு திரும்பி, சமையலறைத் தொட்டி முன்னால் நின்றோம்.

"எந்தக் குழாய்?" என்றார் பீரங்கி.

"இதென்ன கேள்வி? நல்ல தண்ணிய யாராவது சோதிப்பாங்களா? உப்புத் தண்ணிதான்."

"நானும் அதான் நினைச்சேன். நல்லது நல்லதுதானே. கெட்டதத்தானே புடிக்கணும்."

பெண் பேசிய நாள் முதல் இன்றுவரை நானும் என் சம்பந்தியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். அது உலகத்திலேயே மகா முட்டாள்தனமான விஷயமாக இருந்ததில் எனக்கு இப்போது ஆச்சரியம் இல்லை.

முடிவு சனிக்கிழமை வந்தது. நான் தாளைப் பிடுங்கிப் படித்தேன். கிருமி இல்லை. உப்பு அளவு கொஞ்சம் அதிகம்.

"கிருமியே இல்ல! தேறிடுச்சு! வாயை மூடுங்க!"

"உப்பு அதிகம்னு போட்டிருக்கே! தேறல! துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லுங்க!"

"நாங்க என்ன உப்பை டம்ளர்ல ஊத்தியா குடிக்கறோம்?"

"அது கழுவற தண்ணிதான்னா அதுக்கு எதுக்கு நீங்க ஃபில்டர் வாங்கினீங்க?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்த வேண்டும் என்பது ரயில்வேயில் கற்றுக்கொண்ட பாடம். "உங்க கடைக் கட்டில்ல படுத்ததுலேருந்துதான் அவளுக்கு வயிறு கெட்டுது!" என்றேன். "உங்க பொய்யைக் கேட்டுத்தான் கெட்டுச்சு!" என்றார் அவர். என் மனைவி நடுவில் நின்று, "அண்ணா, நீங்களாவது கொஞ்சம்..." என்றாள். நீங்களாவது என்றால் என்ன அர்த்தம் என்று அவள்மேலும் பாய்ந்தேன். மகன் மொட்டைமாடிக்குப் போய்விட்டான். பீரங்கி அலமாரிமேல் இருந்த பெட்டியை இறக்கி, பட்டாணியின் சட்டைகளை அள்ளி அள்ளிப் போட ஆரம்பித்தார். நான் மறுபக்கம் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். பட்டாணி அது ஒரு புதுவிளையாட்டு என்று நினைத்து, சோர்ந்துபோன முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாத்ரூம்," என்றாள்.

இருவரும் நிறுத்திவிட்டோம்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவள் என் மருமகள். அவளைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை என்றால், அவள் இதுவரை வாயைத் திறக்கவில்லை என்று பொருள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. நாள் முழுக்க யார் யாரோ கத்துவார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். அவள் அத்தனைக்கும் நடுவில் ஒரே குரலில் கேள்வி கேட்பாள். அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டது அன்றுதான்.

"அப்பா, மாமா. ரெண்டு பேரும் உக்காருங்க."

உட்கார்ந்தோம்.

"சோதனைக்குத் தண்ணிய எங்கேருந்து எடுத்தீங்க?"

"குழாயிலேருந்து," என்றேன்.

"எந்தக் குழாய்?"

"உப்புத் தண்ணி."

"பட்டாணி குடிக்கறது எது?"

"நல்ல தண்ணி," என்றார் பீரங்கி. பெருமையாகவே சொன்னார்.

"நல்ல தண்ணின்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அது... நல்ல தண்ணிதானே?"

என் தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் தடம் மாறி, எதிரே வருகிற ரயிலைப் பார்த்தது.

"அந்த மீட்டர்ல சின்ன எண்தான் காட்டுச்சேம்மா," என்றேன்.

"அது உப்பைத்தான் மாமா காட்டும். கிருமியக் காட்டாது. உப்பு இல்லேன்னா நல்லதுன்னு பேரு வெச்சிருக்கோம், இனிக்குதுன்னு குடிக்கறோம். அந்தப் பேரை நம்பி ரெண்டு பெரிய மனுஷங்க, பாட்டிலத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கீங்க."

"நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார் பீரங்கி.

"என்ன சொன்னீங்க அப்பா?"

"ஒண்ணும் சொல்லல."

பாட்டிலை வாங்கி வந்து, இடது குழாயில் தண்ணி பிடித்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முடிவு வரும்வரை குடிக்கிற தண்ணி முழுக்கத் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று உத்தரவு. முடிவும் வந்தது. கழிவுநீர் கலந்தால் வருகிற கிருமி இருக்கிறதாம். உப்பு, மற்றதெல்லாம் பிரமாதமாம். பார்க்க முத்து மாதிரி, குடிக்க இளநீர் மாதிரி. உள்ளுக்குள் இத்தனை துரோகம்.

முற்றத்துத் தரைத்தொட்டியைத் திறந்தோம். மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. அதன்மேல் ஒரு கால்மிதியைப் போட்டு மறைத்திருந்தார்கள். முற்றம் கழுவுகிற தண்ணி, செருப்பில் ஒட்டிவருவது, எல்லாம் அந்த ஓட்டை வழியாகச் சொகுசாக உள்ளே போயிருக்கிறது.

"கல்யாணத்துக்கு நீங்க அனுப்பின பீரோவை இறக்கறப்ப உடைஞ்சது," என்றேன்.

"உடைஞ்சதுன்னு தெரிஞ்சும் கால்மிதி போட்டு மூடின மகானுபாவன் யாரு?"

கால்மிதியைப் போட்டது என் மனைவி என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் இன்னொரு போர்முனையைத் திறக்க எனக்கு ஆள்பலம் போதாது.

இந்த இடத்தில் பீரங்கி கடைசிக் குண்டை வெடித்தார். "இனிமே பேச்சே இல்ல. தொட்டி சரியாகற வரைக்கும் என் பேத்தி இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. பெட்டி ரெடி. கிளம்பும்மா." இந்தத் தடவை நான் எதிர்த்துக் கத்தவில்லை. பட்டாணி செருப்பைத் தேடுவதைப் பார்த்தேன். இடது காலில் வலது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கேயும் போகல," என்றாள் மருமகள். அதே குரல். "பட்டாணி, செருப்பைக் கழட்டு. என் வேலை இங்க, அவ பள்ளிக்கூடம் இங்க. என்ன கெட்டிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, சரி பண்ணிடலாம். அந்தப் பேசற மெஷின் வேண்டாம். அது உப்பை எடுக்கறதுக்கு. குடிக்கிற தண்ணியில உப்பே கம்மி, இருக்கிறதையும் எடுத்துட்டு, பாதித் தண்ணிய சாக்கடையில கொட்டும். அதுக்கு அவ்வளவு பணம் எதுக்கு? மாமா, உங்க பீங்கானும் தனியா போதாது. கசடைப் பிடிக்கும், எல்லாக் கிருமியையும் பிடிக்கும்னு நம்ப முடியாது. அத்தை, செம்புக் குடத்துல பூ வைங்க."

"அப்ப என்னதான்மா வழி?"

"மொதல்ல தொட்டியக் காலி பண்ணி, தேய்ச்சுக் கழுவி, குளோரின் போட்டு, புது மூடி. அப்புறம் மறுபடி சோதனை. அதுவரைக்கும் கொதிக்க வெச்ச தண்ணி. சரியானதும் குழாய்க்குக் கசடு பிடிக்கிற ஒரு வடிகட்டியும், பக்கத்துல கிருமியக் கொல்ற விளக்கு வெச்ச சின்னப் பெட்டியும். தண்ணி தெளிவா இருக்கிறதால அது போதும். அப்பா கொண்டுவந்த யானையோட வாலைவிடக் கம்மி விலை."

"தொட்டிக்குள்ள யார் இறங்கறது?" என்றான் மகன். அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான கேள்வி.

"நான்," என்றோம் நானும் பீரங்கியும்.

பட்டாணி பார்த்துக்கொண்டிருக்கிறாளே, விடுவேனா? வாய்ச்சண்டை நடந்தது. சட்டையைக் கழற்றி எறிந்து அவர் முதலில் காலை விட்டார். வயிறு வரைக்கும்தான் போயிற்று. தொட்டியின் வாய் சின்னது. அவர் மேலேயும் வர முடியாமல், கீழேயும் போக முடியாமல், ஒரு தக்கை மாதிரி நின்றார். மகனும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். நான் அவ்வளவு முக்கி இழுக்கவில்லை என்பது கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

தண்ணியையெல்லாம் இறைத்துவிட்டு, வெகுநேரம் காற்றாட விட்டு, பிறகு நான் இறங்கினேன். மேலே வாளியோடு பீரங்கி.

"அந்த மூலை! அங்க பாசி! கண்ணு தெரியலையா ஓட்டை டிக்கெட்?"

"தெரியுது. மேல நிலா மாதிரி ஒரு தொப்பை தெரியுது."

"மூடியப் போட்டு மூடிடுவேன்!"

"மூடுங்க. அப்புறம் உங்க பொண்ணு உங்களையும் சோதனைக்கு அனுப்புவா!"

அவர் ஊற்றுகிற வாளித் தண்ணியில் பாதி சுவரில் விழுந்தது, பாதி என் தலையில். தற்செயலாம். மேலே பட்டாணியின் சிரிப்பு கேட்டது. வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. அதனால் இரண்டாவது வாளிக்கும் தலையைக் காட்டினேன்.

மூடி புதிதாக வந்தது. குளோரின் போட்டு, ஊறவைத்து, அலசி ஊற்றினோம். மறுசோதனைக்கு அனுப்பினோம். பீரங்கி வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: "முடிவு வர்ற வரைக்கும் இவரு ஒழுங்கா கொதிக்க வெப்பாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. குழந்தைய அனுப்பு."

மருமகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்பிக்கை இல்லேன்னா நீங்க இங்கேயே தங்கிப் பாத்துக்கங்கப்பா."

என் காலடியில் பூமி நழுவியது. அவர் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிப் பார்த்தேன், சம்பந்தியம்மாவாவது காப்பாற்றுவார் என்று. "மெதுவா வரட்டும் அண்ணா, எனக்கு அவசரமே இல்ல," என்றார் அந்த அம்மா. குரலில் அப்படி ஒரு விடுதலை. கடையை யார் பார்ப்பது என்று கேட்டேன். "பையன் பாத்துக்கறான், நல்லாவே போகுது."

அன்றிலிருந்து காலையில் நான் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் பக்கத்தில் மீசை.

"இது கொதியா? ஆவி வர்றதெல்லாம் கொதியா? தளதளன்னு வரணும்."

"அடுப்பே வேண்டாம், உங்க வாய்ச் சூட்டுலயே கொதிக்க வெக்கலாம்."

"மூடி வெச்சு ஆற வைங்க. கரண்டிய உள்ள விடாதீங்க. கை கழுவினீங்களா?"

பட்டாணி அந்தத் தண்ணியைக் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு," என்று முகம் சுளித்தாள். ஆனால் வயிறு சொன்னபடி கேட்டது. கன்னம் மெல்ல உருண்டு வந்தது. இப்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாத்தா. ஒரு பக்கம் நான் ரயில் கூரையில் திருடர்களைத் துரத்துவேன், மறுபக்கத்திலிருந்து, "ரயில் ஓடறப்ப மேல கம்பி இருக்கும், தலை போயிடும், புளுகு," என்று குரல் வரும். என் கதைகள் பாதியில் செத்து விழுகின்றன.

மறுசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. வடிகட்டியும் விளக்குப் பெட்டியும் மாட்டியாயிற்று. மாட்ட வந்தவர் திருகாணியை முடுக்கிவிட்டு, "தெளிவான தண்ணி, கவலையே இல்ல. இந்த விளக்கை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க," என்றார்.

நான் பீரங்கியின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையாக எதையும் தூக்கியதில்லை.

"அப்ப, சம்பந்தி. போயிட்டு வாங்க."

அவர் விளக்குப் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் மீசை மின்னியது. பிறகு நாற்காலியை இழுத்து அதன் எதிரிலேயே போட்டுக்கொண்டு, பட்டாணியை மடியில் ஏற்றிக்கொண்டார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணுமாமே. நீங்க மறந்துடுவீங்க. அதையும் பாத்துட்டே போறேன்."